சுடலைமுத்து போட்ட வாஷர்

ஏரிக்கரையில் வரிசையாக ஸ்டாண்டுகள் போட்டு, அவற்றின்மேல் படகுகளை வைத்திருந்தார்கள். காலை வெயில் அப்போதுதான் தண்ணீரைத் தொட்டிருந்தது. எல்லாப் படகுக்கும் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரோ வீராங்கனையோ நின்றிருந்தார்கள். என் படகுக்குப் பக்கத்தில் மட்டும் என் வீட்டுக்காரர் சுடலைமுத்து குந்தி உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். எதையோ பேன்ட் பாக்கெட்டுக்குள் அவசரமாகத் திணித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல பிள்ள. தொடச்சு விட்டேன்."

துடைத்தும்தான் விட்டிருந்தார், படகு பளபளவென்று இருந்தது. அவர் அந்த நேரத்தில் படகை இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். என் கவலை எனக்கு. காலையில் தின்ற வாழைப்பழம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் துடுப்புப் படகு வீராங்கனை. ஒற்றை ஆள், இரண்டு துடுப்பு, இரண்டாயிரம் மீட்டர். தேசியப் போட்டிகளில் சில பதக்கங்கள் உண்டு, எல்லாமே வெள்ளியும் வெண்கலமும். தங்கத்துக்கும் எனக்கும் நகைக்கடையோடு சரி. ஒருமுறை இந்திய அணியோடு வெளிநாடு போயிருக்கிறேன், மாற்று வீராங்கனையாக. அதாவது, யாருக்காவது காய்ச்சல் வந்தால் நான் படகில் ஏறுவேன். பாவிகள் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. பத்து நாளும் கரையில் நின்று கை தட்டிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு நடந்தது இந்திய அணியின் முகாமுக்கான தேர்வு. முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் முகாமுக்குப் போவார்கள். நாலாவது ஆள் வீட்டுக்குப் போவார். எனக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தமுறை இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. இது எனக்கும் தெரியும், என் பயிற்சியாளருக்கும் தெரியும், ஸ்பேனரைப் பாக்கெட்டில் ஒளித்துவைத்திருந்த சுடலைமுத்துவுக்கும் தெரியும்.

முதுகைக் காட்டிக்கொண்டு

எங்கள் ஊர் பாரூர்ப் பக்கம். ஏரி உண்டு, கால்வாய் உண்டு, நெல்லும் கரும்பும் உண்டு. அதனால் எனக்குத் தண்ணீரோடு பிறவிப் பந்தம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. பொய். தண்ணீர் எங்களுக்கு வயலில் பாய்ச்சுகிற சாமான். படகை நான் முதன்முதலில் பார்த்தது காலண்டரில்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், உயரம். பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கர்நாடகத்திலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் வந்திருந்தார். ஷோபா மேடம். நான் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். அவர் என் வேகத்தைப் பார்க்கவேயில்லை. முடிகிற இடத்தில் நின்று என் கைகளை விரிக்கச் சொல்லி, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை டேப்பால் அளந்தார். தையல்காரியோ என்று நினைத்தேன்.

என் பெயரைக் கேட்டுக்கொண்டு, "நீ ஓடபேடா தேனு," என்றார், ஓட வேண்டாம் என்று கன்னடத்தில். "உக்காந்துகொண்டு மாடுற ஸ்போர்ட் ஒண்ணு இருக்கு."

உட்கார்ந்துகொண்டே விளையாடலாம் என்றதும் எனக்குப் பிடித்துப்போனது. என் அப்பாவுக்கு வேறு கவலை. "ஏற்கெனவே பனைமரமாட்டம் வளந்துகினு போவுது. இதுல வெளையாட்டு வேறயா? மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்றார். ஆனால் ஷோபா மேடம் விளையாட்டு விடுதியில் மூன்று வேளைச் சாப்பாடும் முட்டையும் உண்டென்று சொன்னதும், நான் தின்னும் அளவை மனதில் வைத்துச் சம்மதித்துவிட்டார்.

முதல் நாள் படகில் ஏறி, போகவேண்டிய திசையைப் பார்த்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். கரையிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்த விளையாட்டில் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டுமாம். முடிவுக்கோடு முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணுக்கு முன்னால் இருப்பது கிளம்பிய இடமும், நமக்குப் பின்தங்கியவர்களும்தான். முந்திப் போகிறவர்களை மட்டும் பார்க்க முடியாது. சில சமயம் கண்ணுக்கெட்டிய வரை ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போது நீங்கள் கடைசி என்று அர்த்தம். அந்தக் காட்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மிக அழகாக இருக்கும்.

திரும்பி உட்கார்ந்த வேகத்தில் படகு கவிழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அன்று அங்கிருந்தவர்கள் யாராவது ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள்.

நாற்காலியை ஆட்டிய மாப்பிள்ளை

சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். ஓசூரில் இருசக்கர வண்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. வண்டி லைனில் வரும், இவர் முன்சக்கரத்தின் நட்டை முறுக்குவார். அதற்கென்று ஒரு ரென்ச் இருக்கிறது. சரியான அளவு இறுகியதும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டதும் சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். ஆட்டம் இல்லையென்றால் நட்டின்மேல் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு. கோடு இருந்தால் இறுக்கியாயிற்று, பார்த்தாயிற்று, இனி யாரும் கை வைக்க வேண்டாம் என்று பொருள். வண்டி அடுத்த ஆளிடம் போகும்.

நாளெல்லாம் இதையே செய்கிற மனிதருக்குத் தொழிற்சாலைக்கு வெளியிலும் கை சும்மா இருப்பதில்லை. பேருந்து இருக்கை, சைக்கிள் ஸ்டாண்டு, கல்யாண மண்டபத்து மைக் என்று எதையும் ஆட்டிப் பார்ப்பார். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உட்காரச் சொல்லிப் போட்ட நாற்காலியை முதலில் ஆட்டினார். பிறகு குனிந்து அடியில் பார்த்தார்.

"ஒரு கால்ல ஆட்டம் இருக்கு மாமா. ஸ்பேனர் இருந்தா குடுங்க."

அப்பா ஸ்பேனர் கொடுத்தார். வந்த மாப்பிள்ளை முதல் வேலையாக நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு முறுக்கினார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும், அவர் என் தோள் உயரம். "நீங்க துடுப்புப் போடுற படகுல எத்தன நட்டு?" என்று கேட்டார். அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகள் சமைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் அந்த இடத்திலேயே சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் துடுப்பு போடுவேன் என்று அவர் அம்மாவிடம் அவரே சொன்னார். என்னைச் சொல்ல விடவில்லை.

நகராத படகு

ஓசூரில் நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. அங்கே படகு விட ஏது வசதி? அதனால் வார நாட்களில் மெஷினில் பயிற்சி. உட்கார்ந்து இழுத்தால் உள்ளே ஒரு விசிறி சுற்றும், படகு போகிற மாதிரியே உடம்பு நோகும், ஆனால் ஓர் அங்குலம் நகராது. என் விளையாட்டு வாழ்க்கையில் பெரும்பகுதி தூரத்தை நான் எங்கள் வீட்டு ஹாலில்தான் கடந்திருக்கிறேன்.

கீழ்வீட்டு உரிமையாளர் ரத்னம்மா, தெலுங்குக்காரர். காலையில் மேலே கேட்கும் 'குர்ர்' சத்தத்தைச் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் ஒரு தூக்கு நிறைய ராகியோடு மேலே வந்தார்.

"எப்படியும் மிஷின் ஓடுதே, இதையும் சேத்துப் போட்டு அரைச்சுக் குடும்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகை மினி லாரியில் கட்டிக்கொண்டு பாரூர் ஏரிக்குப் போவோம். படகு லாரியைவிட நீளம். வாலில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். அதைப் பார்த்துப் பலரும் பலதும் கேட்டிருக்கிறார்கள். காற்றாலை இறக்கையா, கோயில் தேருக்கு ஏதாவதா, செத்துப்போன யாருக்காவது பெட்டியா என்று.

ஒருமுறை சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடந்தன. வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. நான் லாரிக்குள் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். எதற்கென்றால், பிரேக் போட்டதில் படகின் கயிறு தளர்ந்திருக்கும், ஆட்டிப் பார்க்க வேண்டுமாம். சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தேன். என் கைகள் நீளமாக இருந்தது அன்றைக்கு நிஜமாகவே உதவியது.

சரி, ஏரிக்கரைக்கு வருவோம்.

மஞ்சள் கோடு

படகின் இரண்டு பக்கமும் கம்பிக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் துடுப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. 'கேட்' என்போம். கேட் ஓர் ஊசியில் செருகியிருக்கும். துடுப்பு முன்னும் பின்னும் போகும்போது கேட்டும் கூடவே திரும்பும். வழவழவென்று திரும்ப வேண்டும் என்பதால், அதில் கொஞ்சம் ஆட்டம் விட்டே பொருத்துவார்கள்.

படகைத் தண்ணீரில் இறக்கியபோது இடது பக்கக் கேட்டின் நட்டில் ஒரு மஞ்சள் கோட்டைப் பார்த்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரண்டு முகாம்களுக்கு நடுவில் நானும் சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். மஞ்சள் கோட்டைக் கண்டால் எங்கள் ஊரில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. யாரோ அதிகாரி பார்த்து ஓகே செய்திருக்கிறார் என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். இந்தியாவில் இருக்கிற எந்தத் துடுப்புக்காரியும் இப்படி ஏமாந்திருக்க மாட்டாள். அதற்கு ஓசூரில் குடியிருக்க வேண்டும்.

தொடக்கக் கோட்டுக்குப் போகும்போதே இடது கை கனத்தது. எனக்கு ஒரு குணம் உண்டு. எது சரியில்லையென்றாலும் முதலில் என்மேல்தான் சந்தேகப்படுவேன். பயத்தில் கை விறைக்கிறது என்று நினைத்து, கையை உதறி, தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

கொடி இறங்கியது. இழுத்தேன். படகு இடது பக்கமாக ஒதுங்கியது. திருத்தினேன். மறுபடி ஒதுங்கியது. காற்று என்று நினைத்தேன், காற்றே இல்லை. இடது கைக்குப் பலம் போய்விட்டதோ, நரம்பு ஏதாவதோ, முப்பது வயதில் இப்படியெல்லாம் வருமோ என்று ஒரு பக்கம் யோசனை ஓடியது. பாதி தூரத்தில், படகுப் பாதையைப் பிரிக்கப் போட்டிருந்த மிதவை மேலேயே ஏறிவிட்டேன். அந்த ஓட்டம் முடிந்தபோது என் கண்முன்னால் அந்த அழகான காட்சி. ஏரி முழுக்க எனக்கே எனக்கு, ஒருவரும் இல்லை.

அரை மில்லி

கரையில் நின்ற ஷோபா மேடம்தான் இப்போதும் என் பயிற்சியாளர். நேராகப் படகிடம் போனார். வலது கேட்டை விரலால் தள்ளினார், திரும்பியது. இடது கேட்டைத் தள்ளினார், அசையவில்லை. குனிந்து பார்த்தார்.

"ஏனு இது? இந்த மஞ்சள் பெயின்ட் யாரு ஹாக்கிது?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சுடலைமுத்து கை தூக்கினார். பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி.

"நாந்தான் மேடம். அதுல ஆட்டம் இருந்துச்சுல்லா, அரை மில்லி இருக்கும். பாக்கெட்ல வாஷர் கெடந்துச்சு. உள்ள ஒண்ணு போட்டு டைட் வச்சேன்."

"அரை மில்லி ஆட்டம் அதுக்கு வேணும்பா!" என்று மேடம் கத்தியதில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "டைட் மாடினா கேட் எப்படித் திரும்பும்?"

சுடலைமுத்துவின் முகம் செத்துப்போனது. பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேடம் கையில் கொடுத்தார். கூடவே மார்க்கரையும் கொடுத்தார். பிறகு ஒரு மரத்தடியில் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, கையில் துடுப்பு வேறு இருந்தது. ஆனால் ஆத்திரத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது, சந்தோஷம். என் கைக்கு ஒன்றுமில்லை! நரம்பும் நன்றாக இருக்கிறது, வயதும் நன்றாக இருக்கிறது, எல்லாம் வாஷர்! அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாமா, அடிக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் விளையாட்டில் முதல் ஓட்டத்தில் தோற்றவர்களுக்கு இன்னொரு ஓட்டம் உண்டு. அதில் முன்னால் வந்தால் இறுதிப் போட்டிக்குப் போகலாம். மேடம் வாஷரை எடுத்தார், கேட் சுழன்றது. சாயங்காலம் அந்த ஓட்டத்தில் இழுத்தேன் பாருங்கள், படகு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதாக வந்து இறுதிப் போட்டியில் இடம் பிடித்தேன். மரத்தடியிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது.

ஒரு குறையும் இல்லை

மறுநாள் காலை ஏரி அசையாமல் கிடந்தது. தொடக்கக் கோட்டில் நான் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். இரண்டு கேட், சீட், கால் பலகை எல்லாம். வீட்டுக்காரரின் வியாதி தொற்றிக்கொண்டது என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை. முதல் இழுப்பிலிருந்தே எல்லாம் கூடி வந்தது. இரண்டு துடுப்பும் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்கின, ஒரே சமயத்தில் எழுந்தன. மூச்சு சரியாக இருந்தது. பாதி தூரத்தில் வழக்கமாக என் உடம்பு என்னிடம் ஒரு மனு கொடுக்கும், நிறுத்திவிடலாமே என்று. அன்றைக்குக் கொடுக்கவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு படகுகள் தெரிந்தன, பக்கத்தில் ஒரு படகு. கடைசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அப்படியும் இழுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் போனதேயில்லை.

நாலாவதாக வந்தேன்.

மூன்றாவதாக வந்த பெண் என்னைவிட ஒரு பாய்ச்சல் முன்னால் இருந்தாள். பள்ளி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அவளும் என்னைப் போலவே முதல் ஓட்டத்தில் தோற்று, இரண்டாவது ஓட்டத்தில் தேறி வந்தவள். அதே ஏரி, அதே காற்று, அவ்வளவே களைப்பு.

படகிலேயே உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஏதாவது ஒன்று லூசாகவோ டைட்டாகவோ இருக்காதா என்று ஆசையாகத் தேடினேன். ஒரு குறையும் இல்லை. படகு அப்பழுக்கில்லாமல் இருந்தது. என் வேகம் அவ்வளவுதான்.

கரைக்கு வந்து அவரிடம் அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார்.

"இல்ல பிள்ள. நா அந்த வாஷரப் போடலன்னா நீ மொத ஓட்டத்துலயே செயிச்சிருப்ப. சாயங்காலம் இழுக்க வேண்டியது வந்திருக்காது. ஒடம்பு தெம்பா இருந்திருக்கும். நாந்தான் கெடுத்தேன்."

"அந்தப் புள்ளயும்தான் சாயந்திரம் இழுத்துச்சி."

"அது சின்னப் பிள்ள."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் காதில் விழவில்லை. என் தோள்மேல் கைபோட முயன்று, எட்டாமல், முதுகில் தட்டினார்.

ஊரெல்லாம் வாஷர்

ஓசூருக்கு வந்ததும் அவர் பிரசாரத்தைத் தொடங்கினார். யார் வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னால் வாஷர் வந்துவிடும். ரத்னம்மாவிடம் சொன்னார். தொழிற்சாலை கேன்டீனில் சொன்னார், அங்கே அவருக்கு 'வாஷர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாரூருக்குப் போய் என் அப்பாவிடமும் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் முகம் பார்த்துப் பேசவில்லை.

நான் அப்பாவிடம், "அவரு மேல ஒண்ணும் தப்பில்லப்பா, நான் போன வேகம் அவ்ளோதான்," என்றேன்.

"நீ சும்மா கெட. புருஷன வுட்டுக் குடுக்காம பேசுற," என்றார் அப்பா.

உண்மையைச் சொன்னாலும் பத்தினிப் பட்டம் கிடைக்கிறதே தவிர, ஒருவரும் நம்புவதில்லை. ஆரம்பத்தில் எனக்கும் இது வசதியாகத்தான் இருந்தது. பிறகு உள்ளுக்குள் எரிய ஆரம்பித்தது. அந்த இறுதிப் போட்டி என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சிறப்பாகப் போன ஓட்டம். அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. எல்லாருக்கும் வாஷர்தான் ஞாபகம். நாலாவது இடம் என்னுடையது என்று சொல்லக்கூட இந்த மனிதர் இடம் வைக்கவில்லை.

சமீபத்தில் சூளகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். இவர்தான் பைக்கில் கூட்டிப்போனார். தலைமையாசிரியர் வரவேற்றுப் பேசும்போது, "நமது சிறப்பு விருந்தினர் ஒரு சிறு வாஷரால் இந்திய அணி வாய்ப்பை இழந்தவர்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். சுடலைமுத்து முதல் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காப்பி குடிக்கும் நேரத்தில் சொல்லியிருக்கிறார்!

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். மைக்கைப் பிடித்தேன்.

"வாஷரால நான் தோக்கல. வாஷரை எடுத்தப்புறம்தான் இறுதிப் போட்டி நடந்துச்சு. அன்னிக்குப் படகு நல்லா இருந்துச்சு, தண்ணி நல்லா இருந்துச்சு, என் உடம்பும் நல்லா இருந்துச்சு. என்னால முடிஞ்ச அத்தனையையும் போட்டு இழுத்தேன். நாலாவதா வந்தேன். மூணு பேர் என்னைவிட வேகமா போனாங்க. அவ்ளோதான்," என்றேன்.

கை தட்டுவதா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சிறப்பு விருந்தினர்கள் இப்படி முடிப்பதில்லை. தலைமையாசிரியர் அவசரமாகச் சால்வையைப் போர்த்திவிட்டு, "கவலைப்படாதீங்க" என்றார்.

திரும்பும்போது ரொம்ப தூரம் இவர் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். பிறகு தலையைத் திருப்பாமலே பேசினார்.

"லைன்ல ஒரு வண்டி தேறலன்னா, எந்த ஆளு கையில தப்பாச்சுன்னுதான் பிள்ள கேப்பாக. வண்டியப் பாத்து, உனக்கு அம்புட்டுத்தான் முடியும்னு எவனும் சொல்ல மாட்டான். நீ அத ஒன் வாயாலயே சொல்லுத. எனக்குக் கேக்கச் சகிக்கல."

"அப்ப அது வாஷரால இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். கரையிலதான நின்னேன். நீ அப்படிப் போயி நான் பாத்ததே இல்ல."

 பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததில் ஒரு வசதி, முகத்தை அவரால் பார்க்க முடியாது.

"அப்படிப் போயிதாங்க நாலாவது வந்தேன்," என்றேன். "அது என்னோடது. அதை எடுத்துக்காதீங்க."

அவர் சாலையோரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். நான் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ போடுகிறவர் சால்வையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் விசேஷம்? மேடத்துக்கு எதுனா பட்டமா?" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இவ படகுக்காரி," என்றார் சுடலைமுத்து. "துடுப்புப் போடுறதுல, நம்ம நாட்டுலயே நாலாவது."

டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உயரத்தில் நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

"நாலாவதுன்னா மெடல் இல்லீங்களா?"

"இல்லீங்க," என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.